அளக்கப்படாத மூச்சு: கடலடிக் கணினி விளையாட்டொன்றின் கவர்ச்சி பற்றிய சில குறிப்புகள்

நாவலையும் கவிதையையும் ஆராயும்போது நம் திறனாய்வாளர் காட்டும் பொறுமையை வெகுசனக் கலைவடிவங்கள் மீது காட்டுவது அரிது. திரைப்படம் தமிழிலே தீவிர ஆய்வுக்குரிய பொருளாக ஏற்கப்படுவதற்கு நீண்டகாலம் சென்றது. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாகக் கொண்டு 1981இல் நூலெழுதியமை அந்நாளில் துணிவான செயலே. கணினி விளையாட்டு இன்று அதே வாயிலிற் காத்து நிற்கிறது. முற்போக்கு முகாமைச் சேர்ந்தோர் பலரிடத்தில் அதற்கான தீர்ப்பு ஏலவே ஆயத்தமாக உள்ளது: பொழுதுபோக்கு, தப்பித்தல், முதலாளித்துவத்தின் தாலாட்டு. தீர்ப்பு முற்றிலும் பிழையென்று நாம் கூற வரவில்லை. வழக்கை விசாரியாமலே அது எழுதப்பட்டுவிட்டது என்பதே நமது முறைப்பாடு.

விசாரணைக்கு நாம் எடுத்துக்கொள்வது ‘அப்ஸூ’ என்னும் கடலடி விளையாட்டாகும். அமெரிக்காவின் ஜயன்ட் ஸ்குவிட் என்னும் சிறு நிறுவனம் ஆக்கிய இது 2016 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. இதன் ஆக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த மற் நாவா, 2012இல் வெளிவந்த ‘ஜேர்னி’ என்ற விளையாட்டின் ஓவிய நெறியாளராகப் புகழ்பெற்றவர். ஒஸ்டின் வின்டரி இசையமைத்துள்ளார். ‘அப்ஸூ’ என்பது பண்டைய மெசொப்பொத்தேமியரின் சொல். நிலத்தின் கீழ் உள்ள ஆதி நீரையும் அந்நீரின் தெய்வத்தையும் அது குறிக்கும். பாபிலோனியரின் படைப்புக் காவியத்தில் அத்தெய்வம் கொல்லப்படுகிறது. கொன்ற தெய்வம் அதன்மீதே தனக்கு மனை கட்டிக்கொள்கிறது. பெயரைத் தேர்ந்தோர் இதனை அறிந்தே தேர்ந்தனர் போலும்.

விளையாட்டிலே ஆடுபவர் ஒரு சுழியோடியாகிறார். கடலின் மேற்பரப்பிலே கண்விழிக்கும் அச்சுழியோடி கீழே இறங்குகிறது. பாசிக் காடுகள், பவளப் பாறைகள், மூழ்கிய கோயில்கள், ஒளி புகாத ஆழங்கள் என ஒன்றன்பின் ஒன்றாகக் களங்கள் விரிகின்றன. ஒரே காட்சியில் ஆயிரமாயிரம் மீன்கள் திரள்கின்றன. பெரிய மீனொன்றைப் பற்றிக்கொண்டால் அது இழுத்துச் செல்லும். சுறாவடிவக் கற்சிலைகள் சில ஆங்காங்கே உள. அவற்றின்மேல் அமர்ந்தால் சுழியோடி தியானத்தில் ஆழ்ந்துவிடும். அப்போது கண்ணுக்கு எதிரே நீந்தும் உயிரினங்களை ஒவ்வொன்றாகப் பெயரோடு பார்த்துக்கொண்டிருக்கலாம், எவ்வளவு நேரமாயினும். ஆட்டத்தில் உரையாடல் இல்லை, புள்ளிக்கணக்கு இல்லை, நேர எல்லை இல்லை, சாவும் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, மூச்சு முட்டுவதில்லை. பிராணவாயு எவ்வளவு எஞ்சியுள்ளது எனக் காட்டும் அளவுகோல் திரையின் எம்மூலையிலும் இல்லை.

இவ்வில்லாமைகளின் தொகுதியே இவ்விளையாட்டின் கவர்ச்சி என்பது நமது கருத்து. மீன்களின் வண்ணத்தையும் இசையின் இனிமையையும் பற்றி மதிப்புரைகள் நிறையவே பேசின, அவை மெய்யே. ஆயின் வண்ணமும் இசையும் உள்ள விளையாட்டுகள் ஆயிரம் உள. ‘சப்நோட்டிகா’ என்ற இன்னொரு கடலடி விளையாட்டின் கடலும் அழகானதே. அங்கு மூச்சு எண்ணப்படுகிறது, ஆகவே அங்கு நெஞ்சு பதைக்கிறது. ஆடியோர் ‘அப்ஸூ’வில் அடைந்ததாகச் சொல்லும் அமைதி, கடலினால் வந்ததன்று, அளவை அகற்றப்பட்டதனால் வந்தது.

இவ்வகை விளையாட்டுகளின் வளர்ச்சியை வரிசைப்படுத்தி நோக்குவார்க்கு இது தெளிவாகும். யப்பானின் அரிக்கா நிறுவனம் 2001இல் ஆக்கிய ‘எவர்புளூ’வில் சுழியோடி ஒரு கூலியாள் போன்றவன். மூழ்கிய கப்பல்களிலிருந்து பொருள்களைக் கிளறியெடுத்துக் கரைக்குக் கொணர்ந்து விற்பான். விற்ற காசில் கருவி வாங்கி மீண்டும் இறங்குவான். அதே நிறுவனம் 2007இல் ஆக்கி நின்டெண்டோ வெளியிட்ட ‘எண்ட்லெஸ் ஓஷன்’ விளையாட்டில் விற்பனை பின்னுக்குச் செல்கிறது. அங்கு மீனைத் தடவிக்கொடுக்கலாம், சுறா கடிக்காது, காற்றுத் தீர்ந்தாலும் படகுக்குத் திரும்புவதன்றி வேறு கேடில்லை. எனினும் பயணிகளுக்கு வழிகாட்டுதல், கேட்டவர்க்குப் படம்பிடித்துக் கொடுத்தல் என வேலை மெலிந்த உருவில் எஞ்சியிருந்தது. ‘அப்ஸூ’வில் அதுவும் போய்விட்டது. பதினைந்து ஆண்டுகளில் கடலடியிலிருந்து உழைப்பு படிப்படியாக வடிந்துபோனதை நாம் காண்கிறோம்.

இக்கவர்ச்சிக்கு இரு விளக்கங்கள் வழக்கிலுள்ளன. முதலாவது உளவியல் சார்ந்தது. எல்லையற்ற ஒன்றோடு கரைந்துவிடும் உணர்வைக் கடலோடு ஒப்பிட்டு ரொமேன் ரோலான் 1927இல் ஃபிராய்டுக்கு எழுதினார். ஃபிராய்டு அதனைத் தாயுடலினின்று தன்னைப் பிரித்தறியாத குழந்தை நிலையின் எச்சமாக விளக்கினார். நீருள் மிதக்கும் இன்பத்தைக் கருவறை நினைவென்று சொல்லிவிட்டால் வரலாற்றுக்கு அங்கு வேலையில்லை. 2016இல் இவ்வடிவம் ஏன் இவ்வாறு தேவைப்பட்டது, 1956இல் ஏன் தேவைப்படவில்லை என்ற வினாவுக்குக் கருவறை விடை தராது.

இரண்டாவது விளக்கம் நம்மவருடையது. தப்பித்தல் என்பது அது. மதத்தைப் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதிய கட்டுரையிலிருந்து அபினி என்ற ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து வைத்திருப்போர், அதே பந்தியில் அவர் மதத்தை உண்மையான துயரின் வெளிப்பாடாகவும் கண்டதை மறந்துவிடுகின்றனர். ஓய்வு வேண்டுமென்ற ஆசை பூர்ஷ்வா ஆசையன்று. சோம்பியிருக்கும் உரிமையை வலியுறுத்தி 1880இல் எழுதிய போல் லஃபார்க், மார்க்சின் மருமகன்; எட்டுமணி நேர வேலைக்கான போராட்டம் எஞ்சிய மணிகளுக்கான போராட்டமுமாகும். எனவே களைத்தவன் ஏன் தப்ப விரும்புகிறான் என்பது பற்றி நமக்கு ஐயமில்லை. எதனுள்ளே தப்புகிறான், அவ்விடத்தை யார் எவ்வாறு கட்டினர், அங்கிருந்து என்ன அப்புறப்படுத்தப்பட்டது என்பனவே வினாக்கள்.

அப்புறப்படுத்தப்பட்டது யாதென அறிய நம் நாட்டின் வடமேற்குக் கரைக்குச் செல்லவேண்டும். ஏனெனில் தமிழ்பேசும் மக்களுக்குக் கடலடி என்பது கற்பனைக் களமாவதற்கு முன் வேலைத்தலமாயிருந்தது. மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிகள் படிந்திருக்கும் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்பது பெயர். பெரிய பார், செவல் பார் என்று அவற்றை வழங்கினர். கொற்கையின் முத்தைச் சங்கப் புலவர் புகழ்ந்தனர். அகநானூற்றிலே சுறாவை விலக்கி மூழ்கி வலம்புரி எடுப்போர் பற்றிய குறிப்பும் உண்டு. ஆயினும் முத்தின் ஒளிக்குக் கிடைத்த வருணனை அதை எடுத்தவனின் மூச்சுக்குக் கிடைத்ததாகத் தோன்றவில்லை. அம்மூச்சைப் பற்றிய மிகக் கடுமையான சான்று அயலாரிடமிருந்தே வருகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரயக் கடற் செலவு’ என்ற கிரேக்க வணிகக் கையேடு, கொற்கையிலே முத்தெடுக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் எனக் கூறுகிறது.

பிரித்தானியர் காலத்திலே இத்தொழில் அரசின் ஏகபோகமாயிற்று. தேசாதிபதி ஃபிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிலே கடலை நோக்கி மாளிகையொன்றைக் கட்டினார். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டே அது எழுந்தது. சலாபம் நடக்கும் ஆண்டுகளில் மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை முதலிய மணற்கரைகளில் ஒரு நகரமே முளைத்துச் சில வாரங்களில் மறையும். கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரும் அங்குக் குளித்தனர். கயிற்றிற் கட்டிய கல்லிலே கால்வைத்துச் சுழியோடி இறங்குவான். அடியிலே சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டதும் கயிற்றை அசைப்பான், படகிலிருப்பவன் மேலிழுப்பான். ஒரு மூச்சு ஏறத்தாழ ஒரு நிமிடம். நாள் முழுவதும் அவ்வாறே. எடுத்த சிப்பியிற் பெரும்பங்கு அரசுக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றிலொரு பங்கே சுழியோடிகளுக்கு எஞ்சியது. 1905ஆம் ஆண்டு ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு பெற்ற வருவாய் 25 இலட்சம் ரூபா அளவினது. மறு ஆண்டே இலண்டன் முதலீட்டாளரின் கம்பனியொன்றுக்குப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1912 அளவில் அக்கம்பனி நொடித்துப்போயிற்று, பார்களும் வறிதாயின.

அக்கரையிலே ‘கடல்கட்டி’ என்றொருவர் இருந்தார். மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டுபவர் அவர். அவர் கரையில் இல்லையெனிற் சுழியோடிகள் இறங்கமாட்டார். ஆதலின் மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசுங்கூட நெடுங்காலம் அவருக்குக் கொடுப்பனவு செய்ய வேண்டியிருந்தது. உற்பத்தியின் தேவைமுன் பகுத்தறிவு பணிந்த இந்நிகழ்ச்சியை நம் பொருளியல் வரலாற்றாசிரியர் இன்னுஞ் சுவைத்து எழுதலாம். ‘எண்ட்லெஸ் ஓஷன்’ விளையாட்டிற் சுறா கடிப்பதில்லை. ‘அப்ஸூ’வில் சுறா வழித்துணையே ஆகிறது. கடல்கட்டியின் வேலையைக் கணினி நிரலாளர் ஏற்றுக்கொண்டார் என்க.

மூச்சே கூலியின் அளவாயிருந்த இக்கடல், பார்த்து மகிழும் கடலாக மாறியது எவ்வாறு? இம்மாற்றத்திற்கு நாள் குறிக்கலாம். குஸ்தோவும் கான்யானும் 1943இல் அமைத்த மூச்சுக் கருவி, நீருள் நெடுநேரம் வாளாவிருத்தலை முதன்முறையாக இயல்வதாக்கியது. கை வெறுமையாயிற்று, கண் ஓய்வுபெற்றது. குஸ்தோவும் லூயி மாலும் எடுத்த ‘மௌன உலகம்’ 1956இல் கான் விழாவின் உயர் விருதைப் பெற்றது. அதே ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க் இலங்கைக்குக் குடிவந்தார். அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலையிற் சுவாமிமலையடியிலே நீந்தி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியிற் கண்டனர். 1957இல் வெளிவந்த கிளார்க்கின் நூல் அதனை உலகுக்கு அறிவித்தது. பின்னர் 1962இல் வில்சன் நெறியாண்ட ‘ரன் முத்து தூவ’ முதலாவது சிங்கள வண்ணப்படமாக வந்தபோது கடலடிக் காட்சிகளே அதன் பெருங்கவர்ச்சி. கடலுள் மூழ்கிய கோயில், அதனிடையே வெறுங்கையோடு நீந்தும் ஓர் உடல், வியக்கும் கண்: ‘அப்ஸூ’வின் முழுப் படிமத் தொகுதியும் இலங்கையின் கிழக்குக் கரையிலே அறுபதாண்டு முன்னரே ஆயத்தமாயிருந்தது எனலாம். திருகோணமலை மக்களுக்கு அக்கற்கள் வழிபாடு தொடரும் ஒரு கோயிலின் உடைந்த பகுதிகள். கருவி பூண்டு இறங்கிய கண்ணுக்கு அவை தனிமையின் எழில். விளையாட்டு இரண்டாவது பார்வையையே வாரிசாகப் பெற்றது.

இனி, மாத்தளையிலிருந்து இவற்றை எழுதுவதன் பொருத்தத்தைக் கூறவேண்டும். மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரையில்லை. நம் திணை மரபிற் சொன்னால் இது குறிஞ்சியும் முல்லையுமே. திணையை வெறும் இலக்கிய வாய்பாடாகக் கொள்ளாது சமச்சீரற்ற சமூக வளர்ச்சியின் பதிவாகக் காணவேண்டும் என்பதை 1970களில் சிவத்தம்பி விரிவாக நிறுவினார். அவ்வழியில் நோக்கின் நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருளானது தற்செயலன்று. தந்தையரும் கணவரும் உயிரைப் பணயம்வைத்துச் செல்லும் கடலைக் கரையிலிருந்து பார்ப்போரின் உணர்வு அது. ‘அப்ஸூ’ காட்டுவதோ கரையிற் காத்திருப்பார் எவருமில்லாத நெய்தல். இரங்குவதற்கு ஆளில்லை; திரும்பிவர வேண்டிய கடமையும் இல்லை.

மலையகத்துத் தமிழருக்குக் கடல் வேறொரு வகையில் முன்னிற்கிறது. 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டோர் மன்னார்க் கரையிலே இறங்கினர். அங்கிருந்து காட்டுப் பாதையாய், தம்புள்ளை, நாலந்தா வழியாக நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்றியும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் எத்துணையோ. முத்துக்குளித்தவனின் கரையும் கூலியாய் வந்திறங்கியவனின் கரையும் ஒன்றே. இருவரையும் எண்ணிக் கணக்கெழுதிய அரசும் ஒன்றே. சலாப முகாம்களைக் கலைத்த வாந்திபேதியும் இப்பாதையில் நின்ற வாந்திபேதியும் ஒன்றே. தொழிலாளரை ஏற்றிவந்து 1864இல் மூழ்கிய ‘ஆதிலெட்சுமி’ கப்பல் மலையக எழுத்துகளிலே இன்றும் நினைவுகூரப்படுகிறது. வருகையின் இருநூறாவது ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12இல் முடிவுற்ற இடம் மாத்தளையே. கடல் இங்கு முடிகிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

மூழ்குதலும் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. அந்நடைபாதையை அண்டியுள்ள நாலந்தா கெடிகே, பல்லவர் பாணியிற் கருங்கல்லாற் கட்டிய சிறு கோயில். பௌத்தமும் சைவமும் கலந்து நிற்பது. மகாவலித் திட்டத்தின்கீழ் போவத்தென்னை நீர்த்தேக்கம் எழுந்தபோது அது நீருள் அமிழ நேரும் என்றறிந்து, 1970களின் பிற்பகுதியிற் கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மீளக் கட்டினர். லக்கலைப் பகுதியின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 2010களின் இறுதியிற் களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய பல்லேகமையை விட்டு மக்கள் புதிய குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர். நீருள் ஒரு கட்டடத்தைக் காணும்போது இங்குள்ளோர்க்கு முதலில் எழும் வினா, அதில் யார் இருந்தார்கள் என்பது. ‘அப்ஸூ’வின் மூழ்கிய மண்டபங்கள் இவ்வினாவுக்கு விடையிறுக்க மறுக்கின்றன.

இவ்விளையாட்டை மாத்தளை நகரிலே மாணவர் சிலரோடு சேர்ந்து நாம் ஆடிப் பார்த்தோம். இதனை விலைகொடுத்து வாங்கியோர் இப்பகுதியில் மிகச் சிலராகவே இருப்பர். வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 20 அமெரிக்க டொலர்; அன்றைய மாற்று வீதப்படி 2900 ரூபா அளவினது. அவ்வாண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி, எல்லாக் கொடுப்பனவும் கிடைத்தால், 730 ரூபா. ஒரு விளையாட்டு நான்கு நாள் முழுப் பேர். ஆகவே பிறர் ஆடியதைக் கைபேசித் திரையிற் பார்ப்போரே மிகுதி. ஆடும் சிரமமும் இல்லாத ஓய்வு அது. நம்மோடிருந்த மாணவியொருத்தி, தாய் கொழுந்தெடுப்பவர், நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதில பேர் போடுறது இல்லையா சேர்?” என்று வினவினாள். தோட்டத்திற்கு வெளியே உள்ளோர்க்குச் சிறு விளக்கம் தேவைப்படலாம். பேர் என்பது ஒரு நாள் வேலையின் கணக்குப் பதிவு. விடியற்காலைப் பெரட்டிலே தொடங்கி, கொழுந்து நிறுக்கும் தராசிலே அது முடிவாகும். குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப் பேர். அன்று அவள் அரை ஆள். நமது மதிப்புரையாளர் பலரும் பக்கக்கணக்காய் எழுதி எட்டாத இடத்தை அம்மாணவி ஒரு வினாவால் எட்டிவிட்டாள். பேர் போடப்படாத உலகம் ஒன்றைக் கண்டதே அவளுடைய வியப்பு. இவ்வியப்பைத் தப்பித்தல் என்று பெயரிட்டு ஒதுக்குவார், அவள் எதனை அறிந்துகொண்டாள் என்பதைக் காணத் தவறுகின்றனர்.

கிறிஸ்தோபர் கோட்வெல் 1937இல் வெளிவந்த தம் நூலில் அறுவடைக் கூத்தைப் பற்றிச் சொல்வது இங்கு உதவும். இன்னும் விளையாத விளைச்சலைக் கூத்திலே கண்டு கூட்டம் மகிழ்கிறது. அம்மாயையே உழைப்புக்கு ஊக்கமாகிறது. மாயை என்பதனாலேயே கலை பொய்யாவதில்லை. அது மனிதரை ஒருவரோடொருவர் சேர்த்து மெய்யுலகுக்குத் திருப்பியனுப்புகிறதா என்பதே உரைகல். இவ்வுரைகல்லில் ‘அப்ஸூ’ எவ்வாறு தேறுகிறது?

முதலிலே அதன் சிறப்பைச் சொல்லவேண்டும், அச்சிறப்பு சிறிதன்று. கதையின் நடுவே, ஆழத்தில் முக்கோணக் கூம்பு வடிவிலான பெரும் எந்திரங்கள் கடலின் உயிராற்றலை உறிஞ்சிக்கொண்டிருப்பதைச் சுழியோடி காண்கிறது. வழித்துணையான வெள்ளைச் சுறா அவற்றினால் மாள்கிறது. பின்னர் சுழியோடியும் தாக்குண்டு அதன் மேலுறை கிழிகையில் உள்ளே தெரிவது தசையன்று, கம்பியும் உலோகமும். இதுவரை மூச்சு முட்டாதது ஏனென்று அப்போது விளங்குகிறது. அது மூச்சுவிடும் உயிரே அன்று. கடலை அழிக்கும் அதே உற்பத்தி முறையினின்று தோன்றிய பொருள். ஆடுபவர் இரண்டு மணிநேரமாக அனுபவித்த சுதந்திரத்தின் நிபந்தனை திடீரென வெளிப்படுகிறது. வசதியான நாடுகளின் களைத்த மனிதர் எந்த எந்திரத்தினின்று ஓய்வுதேடி இங்கு வந்தனரோ, அந்த எந்திரம் தம்முள்ளேயே இருப்பதை உணரவேண்டிய கணம் இது. அந்நியமாதல் பற்றிய பல நாவல்களைவிட இக்காட்சி கூர்மையானது என்றே நாம் மதிக்கிறோம். ஓய்வுக்கான விளையாட்டு என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்று தன் ஓய்வையே ஐயுறுகிறது.

ஆனால் அக்கணத்தைத் தொடர்ந்து ஆட்டம் பின்வாங்குகிறது. மாண்ட சுறாவின் ஆவி உடன்வர, சுழியோடி எந்திரங்களைத் தகர்த்துச் செல்கிறது. பாழ்நிலத்தில் பசுமை பொங்குகிறது. பாடகர் குழு உச்சத்திற் பாடுகிறது. இயற்கைக்கும் எந்திரத்துக்கும் இடையிலான முரண்பாடாகவே யாவும் முடிக்கப்படுகிறது. சுவரோவியங்களிலே சுறாவைப் போற்றி நிற்கும் மனிதர் உளர். அவ்வெந்திரங்களும் அந்நாகரிகத்தின் ஆக்கம் என ஊகிக்க இடமுண்டு. கட்டச் சொன்னவர் யார், கட்டியவர் யார், உறிஞ்சிய ஆற்றல் யாருடைய விளக்கை எரித்தது? ஓவியம் ஒருபோதும் இவ்வளவுக்கு நெருங்குவதில்லை. மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையிலான உறவு, பொருளுக்கும் கடலுக்கும் இடையிலான பகையாக உருமாறி நிற்கிறது. தீர்வும் அதற்கேற்பத் தனியொருவரின் தொடுகையால் வருகிறது.

மன்னார்க் கடலின் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் இக்குறை வெளிப்படையாகும். பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் கடலடியை வழித்தெடுப்பது இழுவைமடி. இலங்கை 2017இற் சட்டத்தால் அதனைத் தடைசெய்தது. எனினும் தமிழகத்து இழுவைப் படகுகள் எல்லைதாண்டி வருவதும், வட இலங்கை மீனவரின் வலைகள் அறுபடுவதும், கைதுகளும் ஓயவில்லை. அங்கும் ஓர் எந்திரம் கடலை உறிஞ்சுகிறது. ஆனால் அப்படகில் இருப்பவன் பெரும்பாலும் கூலிக்கோ பங்குக்கோ செல்லும் தமிழ் மீனவன். வலையிழந்து நிற்பவனும் தமிழ் மீனவன். படகின் முதலாளி இருவர் கண்ணிலும் படாது கரையில் இருக்கிறான். எந்திரத்தைத் தகர்த்தவுடன் பசுமை பொங்கும் என்று இவர்களில் எவரும் நம்பமாட்டார்.

இறுதியாக, இவ்வகை விளையாட்டின் பிந்திய வரலாற்றையும் குறிப்பிடுதல் வேண்டும். ‘அப்ஸூ’ வெளிவந்து எட்டாண்டின் பின், 2024 மே மாதத்திலே நின்டெண்டோ ‘எண்ட்லெஸ் ஓஷன் லூமினஸ்’ என்னும் புதிய பாகத்தை வெளியிட்டது. அதிலே மூச்சுக் கணக்கு அறவே இல்லை, ஆபத்தும் இல்லை. முப்பது பேர் வரை ஒரே கடலில் ஒருங்கே நீந்தலாம் என்பதனைப் பெருஞ்சிறப்பாக அறிவித்தனர். கோட்வெல்லின் கூட்டம் ஒருவாறு வந்துசேர்ந்தது என நினைத்து அதனை நாம் அணுகினோம். அம்முப்பது பேரும் செய்வது யாதெனில், எதிர்ப்படும் மீன்மீது ஒளியைப் பாய்ச்சி அதனைப் பட்டியலிற் பதிவது. ஐந்நூறுக்கு மேற்பட்ட உயிரினங்கள் பட்டியலை நிரப்பக் காத்துள்ளன. எண்ணிக்கை கூடக்கூட அடுத்த பகுதி திறக்கும். சலிப்பூட்டுகிறது என்று மதிப்புரையாளர் பலர் முறைப்பட்டனர். பேரும் பெரட்டும் கடலடிக்கு வந்துவிட்டன. நிறுப்பதற்குக் கொழுந்துதான் இல்லை.